செவிலியர் ஏடும் மக்கள் நலமும்



சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் வழியாகச் சென்றால் சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் குப்பனூர் என்னும் ஊரைக் காணலாம். ஏற்காட்டிற்குச் செல்லும் இரண்டாவது மலைப்பாதை இவ்வூரிலிருந்து ஏறுகின்றது. பாதையின் கீழே வயலும் தோப்பும் சூழ்ந்த சமவெளி ஊர்கள். மேலே மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்களும் காப்பித் தோட்டங்களும். சமவெளியில் 5000 மக்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3000 மக்களுக்கு ஒன்று என்பது அரசாங்கத்தின் அளவுகோல். அவ்விரண்டு அளவுகோல்களும் ஒன்றையொன்று சந்திக்கும் எல்லையில் அமைந்துள்ள ஊர் குப்பனூர்.

இத்தகைய நிலையம் ஒவ்வொன்றிலும் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் பணிபுரிகின்றார். அவர் கையில் ஊசி மருந்தும் எடை பார்க்கும் கருவியும் இருப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கின்றோம். அவற்றோடு ஒரு பதிவேடும் இருக்கும். இன்ன வீட்டில் இன்னார் கருவுற்றிருக்கின்றார், அவர் எடை இவ்வளவு, இரத்தத்தின் செம்மை இவ்வளவு, குழந்தை இன்ன நாளில் பிறந்தது, ஆணா, பெண்ணா, பிறந்தபொழுது எடை என்ன, உயிருடன் உள்ளதா, இல்லையேல் எதனால் இறந்தது என்றெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். இன்று அவ்வேட்டின் பெரும்பகுதி கணிப்பொறிக்குள் சென்றுவிட்டது. ஆயினும் ஏட்டின் இயல்பு மாறவில்லை. இவ்வேட்டைக் கொண்டு ஒரு நாட்டு மக்களின் நலத்தை ஆராய்ந்து அறிவது எவ்வாறு, அதற்கு என்ன முறை வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பள்ளித் தலைமையாசிரியனாகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் ஆதலின், எனக்குப் பழக்கமான ஓர் ஏட்டைக் கொண்டே இதனை விளக்க முற்படுகின்றேன். வருகைப் பதிவேட்டை நீங்கள் நாள்தோறும் காண்கின்றீர்கள். ஒரு வகுப்பாசிரியர் மணியடித்த பின் வரும் மாணவனை வந்தவனாகவே குறிக்கின்றார். அடுத்த வகுப்பாசிரியர் அதே மாணவனை வராதவனாகக் குறிக்கின்றார். மூன்றாமவர் அரை நாள் என்று எழுதுகின்றார். ஒவ்வொருவரும் தத்தம் வகுப்பில் நேர்மையுடையவரே. ஆயினும் மூன்று ஏடுகளையும் கூட்டிப் பள்ளியின் வருகை வீதத்தைக் கண்டால் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டோ? இல்லை. கூட்டல் சரியாக இருக்கும். கூட்டப்பட்ட பொருள்கள் ஒரே இனமாக இரா. ஒரே சொல்லுக்கு எல்லாரும் ஒரே பொருள் கொண்டு எழுதினாலன்றிப் பல ஏடுகள் ஓர் ஏடாகா. இதனையே தரப்படுத்துதல் என்கின்றோம்.

செவிலியர் பணியில் இவ்வுண்மையை முதன்முதல் ஆழ்ந்து உணர்ந்தவருள் ஒருவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். அவர் கையில் விளக்கேந்திய படத்தைப் பாடப் புத்தகத்தில் கண்டிருப்பீர்கள். 1854-ஆம் ஆண்டு கிரிமியப் போரின்பொழுது ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குச் சென்ற அவர், அங்கே நோயாளரைப் பேணியதோடு இறந்தோர் கணக்கையும் ஆராய்ந்தார். போர்க்காயத்தால் மாண்ட வீரரினும் தடுக்கத்தக்க நோய்களால் மாண்டவர் பன்மடங்கினர் என்பதை வண்ண வரைபடங்களால் நிறுவினார். 1858-ஆம் ஆண்டில் இலண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது. 1860-ஆம் ஆண்டில் இலண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் மாநாட்டிற்கு அவர் ஒரு திட்டத்தை அளித்தார். எல்லா மருத்துவமனைகளும் ஒரே படிவத்தில், ஒரே நோய்ப் பெயர்களைக் கொண்டு கணக்கு வைத்தல் வேண்டும் என்பதே அத்திட்டம். சில மருத்துவமனைகள் அப்படிவத்தைக் கையாண்டு பார்த்தன. ஆனால், அது மிகவும் விரிந்து கிடந்தமையால் நிலைபெறவில்லை. நிரப்புவோரின் உழைப்பையும் நேரத்தையும் எண்ணாத படிவம் எவ்வளவு நல்லதாயினும் வாழாது என்னும் பாடத்தையும் நாம் இதனால் பெறுகின்றோம்.

அவ்வம்மையார் இந்தியாவிற்கு ஒருநாளும் வந்ததில்லை. எனினும் இங்குள்ள படைமுகாம்களின் சுகாதார நிலையை ஆராய 1859-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அரசக் குழுவிற்காக, எல்லா முகாம்களுக்கும் ஒரே வகையான வினாக்களை அச்சிட்டு அனுப்பச் செய்தார். குடிநீர் எங்கிருந்து வருகின்றது, கழிவு எங்கே செல்கின்றது, இறந்தவர் எத்தனை பேர் என்ற வினாக்களுக்குச் சென்னையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஒரே வரிசையில் விடைகள் சென்றன. ஆயிரம் படைவீரருள் ஆண்டுதோறும் 69 பேர் மடிகின்றனர் என்று 1863-ஆம் ஆண்டில் அக்குழு அறிவித்தது. கேள்வி ஒன்றாக இருந்தமையால்தான் விடைகளை ஒப்பிட முடிந்தது.

அதன்பின் இத்துறை மேலும் வளர்ந்தது. அமெரிக்க நாட்டு ஒமாஹா நகரில் வீடுதோறும் சென்று பணிபுரிந்த செவிலியர், 1970-களில் தம் பதிவுகளுக்கென ஒரு முறையை வகுக்கத் தொடங்கினர். மக்களிடம் காணப்படும் குறைகளை 42 தலைப்புகளாகப் பிரித்து, நோயாளரின் அறிவு, நடத்தை, நிலை ஆகிய மூன்றையும் ஒன்று முதல் ஐந்து வரை அளவிட்டு எழுதும் முறை அது. ஹாரியட் வெர்லி என்னும் செவிலியர் பேராசிரியர் 1985-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் அறிஞர்களைக் கூட்டி, எந்தச் செவிலியரும் தவறாமல் குறிக்க வேண்டிய 16 செய்திகளை வரையறுக்க வழிசெய்தார். உலகச் செவிலியர் மன்றமும் செவிலியர் பணிக்கெனப் பொதுச் சொற்றொகுதி ஒன்றை உருவாக்கியது. மருத்துவர் எழுதும் நோய்ப்பெயர் மட்டும் ஒரு மனிதனின் நலத்தைக் காட்டாது. அவன் உண்டானா, உறங்கினானா, மருந்தை விளங்கிக்கொண்டானா, வீட்டில் துணை உண்டா என்பதைச் செவிலியரே அறிவார் என்பது இம்முயற்சிகளின் அடிப்படை.

நண்பர்களே, அயல்நாட்டுச் செய்திகள் இவ்வளவில் நிற்க. நம் சேலம் மாவட்டத்திலேயே செவிலியர் ஏடு ஒரு பெரும் உண்மையை வெளிக்கொணர்ந்த வரலாறு உண்டு. கேட்பதற்குத் துயரமானது, ஆயினும் கற்கும் பருவத்தினராகிய நீங்கள் அறிய வேண்டியது.

1991-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதிற்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்கு எத்தனை பெண் குழந்தைகள் உள்ளனர் என்று கணக்கிட்டனர். தமிழகம் முழுமைக்கும் 948 என்ற எண் கிடைத்தது. நாமக்கல் பிரியாதிருந்த அன்றைய சேலம் மாவட்டத்திலோ 849 என்ற எண்ணே கிடைத்தது. ஆயிரத்திற்கு ஏறத்தாழ நூறு பெண் குழந்தைகளைக் காணோம். அவர்கள் எங்கே போயினர்? கணக்கெடுப்பு பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வருவது. அது குழந்தை இல்லை என்று சொல்லுமே அன்றி, எந்த ஊரில், எந்த நாளில், எவ்வாறு இல்லாமற் போயிற்று என்று சொல்லாது. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகமும் சொல்லவில்லை. பிறந்த சில நாட்களில் வீட்டிலேயே உயிர் போக்கப்பட்ட குழந்தைக்குப் பிறப்பும் பதிவாகாது, இறப்பும் பதிவாகாது. பெண் சிசுக்கொலை என்ற கொடுமை சில ஊர்களில் உண்டு என்பதைச் செய்தித்தாள்கள் எழுதின. அரசாங்கமும் 1992-ஆம் ஆண்டில் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. ஆயினும் கொடுமை எவ்வளவு பரந்தது, எங்கெங்கே உள்ளது என்பதற்குத் திட்டமான சான்று வேண்டியிருந்தது.

அச்சான்று கிராம சுகாதாரச் செவிலியரின் ஏட்டில் இருந்தது. ஏனைய பதிவுகள் குழந்தை பிறந்த பின் தொடங்குகின்றன. செவிலியர் ஏடோ தாய் கருவுற்ற மாதத்திலேயே தொடங்குகின்றது. ஏட்டில் கருவுற்றவர் என ஒரு பெயர் ஏறிவிட்டால், பத்தாம் மாதத்தில் அப்பெயருக்கு எதிரே ஒரு முடிவு எழுதப்பட்டே ஆக வேண்டும். குழந்தை எங்கே என்ற கேள்வியை ஏடே கேட்கின்றது. குழந்தை இறந்திருப்பின் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. குறைமாதம், மூச்சுத்திணறல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்னும் காரணங்களோடு, சமூகக் காரணத்தால் நேர்ந்த இறப்பு என்ற ஒரு பிரிவும் ஆரம்ப சுகாதார நிலைய ஏடுகளில் இடம்பெற்றது. அடக்கமான அச்சொல்லின் பொருளை எழுதியவரும் அறிவார், படித்தவரும் அறிவார்.

1995-ஆம் ஆண்டிற்கான இவ்வேடுகளை மாநிலம் முழுவதிலிருந்தும் திரட்டி, ஆட்சிப்பணியாளராகிய ஷீலா ராணி சுங்கத் அவர்களும் பொருளியல் அறிஞராகிய ஆத்ரேயா அவர்களும் ஆராய்ந்தனர். ஆராய்ச்சி 1997-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அக்கொடுமை தமிழகம் எங்கும் பரவியதன்று. வடக்கே தருமபுரி, சேலம் முதல் தெற்கே மதுரை, தேனி வரை நீண்ட ஒரு பகுதியிலேயே செறிந்திருந்தது என்று தெரியவந்தது. முதற் பெண் குழந்தையைவிட, அதன்பின் பிறந்த பெண் குழந்தைக்கே ஆபத்து மிகுதி என்பதும் புலப்பட்டது. எந்த வட்டாரத்தில் பேச வேண்டும், எந்த வீட்டுத் தாய்க்குத் துணை நிற்க வேண்டும் என்று அறிய அது வழிகாட்டிற்று. 1990-களின் பிற்பகுதியில் தருமபுரி மாவட்டத்தில் கலைக்குழுவினர் ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்தி இக்கொடுமையை மக்கள் முன் வைத்தனர்.

ஏட்டில் எழுதிய காரணத்தை அப்படியே நம்பலாமோ என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும், நல்ல கேள்வி. செவிலியரும் அவ்வூரில் வாழ்பவர். அஞ்சி வேறு காரணம் எழுதியிருத்தலும் கூடும். இதனைச் சோதிக்க ஒரு வழி உண்டு. இயற்கையில் பிறந்த முதல் மாதத்தில் பெண் மகவைவிட ஆண் மகவே சிறிது மிகுதியாக இறக்கும். பெண் மகவின் உடல் அவ்வகையில் உறுதி வாய்ந்தது. ஆதலின் ஒரு வட்டாரத்தில் முதல் மாதத்தில் இறந்தோருள் பெண் குழந்தைகள் மிகுந்திருப்பின், காரணக் கட்டத்தில் என்ன எழுதியிருப்பினும் அங்கே இயற்கைக்கு மாறான ஏதோ நிகழ்கின்றது என்று துணியலாம்.

ஆனால், இச்சோதனைக்கும் பொது வரையறை இன்றியமையாதது. மூச்சு, இதயத்துடிப்பு, உடலசைவு இவற்றுள் ஒன்றேனும் தோன்றிய குழந்தை உயிருடன் பிறந்த குழந்தையாகும். ஒரு மணி நேரம் வாழ்ந்து இறந்த குழந்தையை, இறந்தே பிறந்தது என்று ஓர் ஊரில் எழுதிவிட்டால், ஒரு பிறப்பும் ஓர் இறப்பும் ஒருங்கே மறைந்துபோகும். கொலையும் அம்மறைவில் ஒளிந்துகொள்ளும். ஒரு சொல்லின் வரையறையில் ஓர் உயிரின் நியாயம் அடங்கியிருப்பதைக் காண்கின்றீர்கள்.

இனி, பல ஊர் ஏடுகளைச் சேர்த்துப் பார்ப்பது ஏன் என்பதற்கு ஓர் எளிய கணக்கு. மலைப்பகுதியில் 3000 மக்களைக் கொண்ட ஒரு நிலையத்தை எண்ணுங்கள். ஆயிரவருக்கு ஆண்டுக்கு 14 பிறப்பு எனக் கொண்டால் 42 குழந்தைகள் பிறக்கும். அவற்றுள் 24 ஆணும் 18 பெண்ணும் என்று வைத்துக்கொள்வோம். இதனைக் கண்டு அவ்வூரார்மேல் ஐயம் கொள்ளலாமோ? கூடாது. நாணயத்தை 42 முறை சுண்டினால் தலையும் பூவும் இந்த அளவிற்கு வேறுபடுவது இயல்பே. ஆனால், அத்தகைய நூறு நிலையங்களைக் கூட்டியபொழுது 2400 ஆணும் 1800 பெண்ணும் என்று வந்தால், அதனைத் தற்செயல் என்று எந்தக் கணித ஆசிரியரும் ஒப்பமாட்டார். விகிதம் ஒன்றே, எண்ணிக்கை பெருகியதால் ஐயம் சான்றாக மாறிற்று. நூறு ஏடுகளும் ஒரே முறையில் எழுதப்பட்டிருந்தால்தான் இக்கூட்டல் செல்லும்.

ஏட்டை இடைவிடாமல் நோக்குவதும் வேண்டும். 2001-ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தின் குழந்தைப் பாலின விகிதம் 851 ஆகவே இருந்தது. பிறந்த குழந்தையைக் கொல்வதற்கு மாற்றாக, கருவிலேயே பாலறிந்து அழிக்கும் கொடுமை பரவிய காலம் அது. அதனைத் தடுக்கும் சட்டம் 1994-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. பிறந்த பின் நேரும் இறப்புகளை மட்டும் எண்ணுபவர், கொலை குறைந்தது என்று மகிழ்ந்துவிடுவார். இயற்கையாக 1000 ஆண் மகவுக்கு 950-ஐ ஒட்டிய பெண் மகவு பிறத்தல் வேண்டும். பிறப்பு விகிதமே அதனினும் மிகத் தாழ்ந்திருப்பின், குற்றம் பிறப்பிற்கு முன்னரே நிகழ்ந்தது என்பது விளங்கும். ஏட்டின் இரண்டு கட்டங்களையும் சேர்த்துப் படிப்பவருக்கே முழு உண்மை கிடைக்கும். 2011-ஆம் ஆண்டில் சேலத்தின் எண் 916 ஆக உயர்ந்தது. உயர்வு மகிழ்ச்சிக்குரியதே, மாநிலத்தின் எண்ணாகிய 943-ஐ அது எட்டவில்லை என்பதையும் மறத்தலாகாது.

இங்கே செவிலியரின் நிலையையும் நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும். அவரை நம்பித்தான் பெண்கள் தம் கருவைத் தெரிவிக்கின்றனர். ஏட்டில் எழுதியது ஊரார் வாய்க்கும் காவல் நிலையத்திற்கும் உடனே செல்லும் என்று அஞ்சினால், அடுத்த ஆண்டில் கருவை மறைப்பர். அப்பொழுது ஏடும் பொய்யாகும்; பேணுதலும் கிடையாது போகும். மக்கள் நலத்தை ஆராய்பவருக்குப் பெயர் தேவையில்லை. ஊர், வயது, எத்தனையாவது பேறு, குழந்தையின் பால், எடை என்பனவே போதும். பெயரை நீக்கி எண்ணை மட்டும் ஆராய்ச்சிக்குத் தருவது அறமுமாகும், அறிவுமாகும். அவ்வாறே, மேலிடத்தார் இலக்கு எட்டவில்லை என்று செவிலியரைக் கடிந்துகொள்ளும் இடத்தில் இலக்கு ஏட்டில் மட்டும் எட்டப்படும். பத்து ஏடுகளில் ஒரே செய்தியைப் பத்து முறை எழுதச் சொல்லும் இடத்தில், தாயைப் பார்க்கும் நேரம் எழுதும் நேரமாகத் தேய்ந்துவிடும். செவிலியரை நடத்தும் முறையைப் பொறுத்தே ஏட்டின் உண்மையும் அமையும்.

தமிழகத்தில் இன்று கருவுற்ற பெண் ஒவ்வொருவருக்கும் 12 இலக்கங்கொண்ட எண் ஒன்று அளிக்கப்படுகின்றது. குப்பனூர்ப் பாதையில் இறங்கிவரும் மலையூர்ப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவர் பதிவு மலைமேல், பரிசோதனை அடிவாரத்தில், பேறு சேலம் நகர மருத்துவமனையில், பேற்றிற்குப் பின் தங்குவது தாய்வீட்டில். எண் ஒன்றாக இராவிடின் அவர் நான்கு பெண்களாக எண்ணப்படுவார், அல்லது எவராலும் எண்ணப்படாமற் போவார். மலைமேல் வாழ்வோர் நலம் சமவெளியார் நலத்தோடு ஒத்துள்ளதா என்ற கேள்விக்கு விடை காணவும் அவ்வெண்ணே உதவும். பேற்றின்போது நேரும் ஒவ்வொரு தாயின் இறப்பையும் ஏட்டைக் கொண்டு விசாரித்து அறியும் வழக்கமும் நம் மாநிலத்தில் நெடுங்காலமாக உண்டு. 2001 முதல் 2003 வரை ஒரு லட்சம் பிறப்பிற்கு 134 தாய்மார் இறந்தனர். 2018 முதல் 2020 வரையிலான காலத்தில் அது 54 ஆகக் குறைந்தது. சாலையும் மருத்துவமனையும் குருதி வங்கியும் இதற்குக் காரணங்களாயின. எங்கே எது குறைகின்றது என்று காட்டியதில் ஏட்டிற்கும் பங்குண்டு.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. வீட்டு வாயிலிலேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்படுகின்றன. இங்கும் அதே நெறிதான். சற்று ஓய்ந்து அமர்ந்திருந்த பின்பு அளந்த அழுத்தமும், மேடேறி வந்த மூச்சோடு அளந்த அழுத்தமும் ஒன்றல்ல. அளக்கும் முறையை ஒன்றாக்கினாலன்றி, எந்த ஊரில் அழுத்தம் மிகுதி என்று கூறுதல் இயலாது.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் செவிலியர் ஆவீர்கள். சிலர் மருத்துவர், சிலர் புள்ளியியல் வல்லுநர், சிலர் ஆட்சியாளர் ஆவீர்கள். ஏடு எழுதும் இடத்தில் அமர்ந்தால், கண்டதைக் கண்டவாறு, வகுத்த சொல்லால், அன்றைக்கே எழுதுங்கள். ஏட்டைப் படிக்கும் இடத்தில் அமர்ந்தால், ஒவ்வோர் எண்ணிற்குப் பின்னும் ஒரு வீடு உண்டு என்பதையும், அந்த எண்ணை எழுத ஒரு பெண் வெயிலிலும் மலையிலும் நடந்து சென்றார் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். கண்டறிந்த முடிவை அறிக்கையாக்கி அலமாரியில் வைத்துவிடாமல், அதனை எழுதிய செவிலியருக்கும் அவ்வூர் மக்களுக்கும் திரும்பச் சொல்லுங்கள். தம் ஏட்டினால் ஒரு குழந்தை பிழைத்தது என்று அறிந்த செவிலியர், அடுத்த வரியை இன்னும் கருத்தாக எழுதுவார்.